மலையேறிய அரிக்கேன் விளக்கு

தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர் தீயை அணைப்பதில்லை. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள்கூட நம்ப மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் போதும், பக்கத்து இலைக்காரர் நான் தீக்குள் பாய்ந்த கதையைக் கேட்க ஆரம்பித்துவிடுவார். பாய்கிறவர்கள் மற்றவர்கள். அவர்கள் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் வண்டியோடு நின்று பம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, அழுத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா, இதுதான் என் வேலை. என் முகம் மீட்டரைப் பார்த்திருக்கும், முதுகு தீயைப் பார்த்திருக்கும். இத்தனை வருஷச் சர்வீஸில் தீயைவிட நான் அதிகம் பார்த்தது அந்த மீட்டரின் முள்ளைத்தான்.

கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது பழைய நிலையத்து ஆட்கள் விருந்து வைத்து, "உன் கதை மலையேறிடுச்சுய்யா" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவியையும் பள்ளியில் படிக்கும் மகளையும் காவிரிக்கரையில் விட்டுவிட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே போய் உட்கார வேண்டும் என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? வந்த முதல் வாரம் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். அந்த வாரத்தில்தான் அந்த போன் வந்தது.

"ஏனுங்க, குளுர வெக்கிற ஆபீசுங்களா?"

ஒரு ஆண் குரல். பதற்றம் இல்லாமல், மரியாதையாகக் கேட்டது. அருவி பார்க்க வந்த யாரோ குளிர்பானம் விற்கும் இடத்தைத் தேடுகிறார் என்று நினைத்து, "இங்க ஐஸெல்லாம் கிடையாது" என்று வைத்துவிட்டேன். உடனே மறுபடி மணி அடித்தது. "ஐஸு வேண்டாமுங்க, வைக்கப்போரு பொகையுதுங்க, வந்து குளுர வெச்சுக் குடுங்க" என்றார் அதே ஆள், அதே மரியாதையோடு.

வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த வைக்கோல் போரை நனைத்துவிட்டு வரும் வழியில், எங்கள் நிலைய அலுவலர்தான் விளக்கினார். அவர் தர்மபுரிக்காரர். ஓய்வு பெற அதிக நாள் இல்லாதவர், நல்ல தொந்தி, நிதானமான ஆள். நாங்கள் அவரை ஐயா என்போம். "விளக்கை அணைன்னு உங்க வீட்டுல சொல்லுவாங்களா?" என்று கேட்டார். சொல்ல மாட்டார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் என் அம்மா 'விளக்கைக் குளிர வை' என்றுதான் சொல்வாள். தானாக அணைந்தால் 'மலையேறிடுச்சு' என்பாள். அந்த மலைக்காரர்கள் விளக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லா நெருப்புக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். எங்கள் நிலையத்தின் பெயரையே அவர்கள் வாயால் முழுதாகச் சொல்வதில்லை. அதில் 'அணைப்பு' வந்துவிடுகிறதே.

மலை நிலையம் சமவெளி நிலையம் மாதிரி இல்லை. தீ என்று வரும் போன் குறைவு. கிணற்றில் விழுந்த மாடு, ரோட்டில் சாய்ந்த மரம், பள்ளிக்கூடத்துச் சுவரில் கூடு கட்டிய தேனீ, கோழிக்கூண்டில் புகுந்த பாம்பு, இவைதான் அதிகம். ஒருவர் மிளகு பறிக்க எங்கள் ஏணியைக் கேட்டு வந்தார். சில்வர் ஓக் மரத்தில் உச்சி வரை கொடி ஏறியிருக்கிறதாம், அவர் மூங்கில் ஏணி எட்டவில்லையாம். அரசாங்க ஏணியைக் கொடுக்க முடியாது என்று நான் சத்தம் போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் போனார். அறுவடை முடிந்ததும் ஒரு படி மிளகைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "ஏணி குடுக்காட்டி என்னங்க, கேக்கறதுக்கு ஆளா இருந்தீங்கல்ல" என்றார். அன்றைக்கு என் சத்தம் எனக்கே அசிங்கமாகப் பட்டது.

இனி அந்த அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

பங்குனி மாசத்து நடுப்பகல். மழை கண்டு ரொம்ப நாளாகிவிட்டதால் மலை முழுக்கச் சருகு. எடப்புளி நாட்டில் ஒரு சிற்றூரில் வீடு எரிகிறது என்று போன். நாடு என்றால் அங்கே சில ஊர்கள் சேர்ந்த பகுதி. ஊர் என்பதும் சில வீடுகள், நடுவில் மரவள்ளி, சாமைக் காடு, பலா மரம். தார் ரோடு அந்த வீட்டுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, இருந்த ஹோஸையெல்லாம் ஒன்றோடொன்று மாட்டி, ஆட்கள் மேட்டில் ஓடினார்கள். வீட்டுக்கு ஓடு, சமையல்கட்டுக்குக் கூரை. அடுப்பிலிருந்து பறந்த பொறி கூரையில் பிடித்து, கூரையிலிருந்து ஓட்டுக்குக் கீழே மரச்சட்டங்களுக்குப் போய்விட்டது. உள்ளே ஆள் யாரும் இல்லை என்று ஊர்க்காரர்கள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்போது ஒரு பெண் காட்டுப் பக்கமிருந்து ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், என் அக்காள் வயது. கையில் களைக்கொத்து. எரிகிற வீட்டைப் பார்த்ததும் அதைப் போட்டுவிட்டு, நேரே தீக்குள் போகிறவர் மாதிரி ஓடினார். என் பக்கமாகத்தான் ஓடினார். ஒரு கை பம்பில் இருந்தது, இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"உடுங்க சாமி! அடுப்புங்க! உள்ள அடுப்பு இருக்குதுங்க!"

"சிலிண்டரா? சிலிண்டர் உள்ள இருக்கா?" என்று கத்தினேன். எங்கள் ஆட்கள் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். சிலிண்டர் வெடித்தால் அவ்வளவுதான்.

"கேசு கொழுந்தனாரூட்ல இருக்குதுங்க. இது அடுப்பு. அடுப்பு நெருப்பு."

"அதுதானேக்கா எரியுது!"

"அது வேற, இது வேறீங்க. கூரைல எரியறத என்ன வேணா பண்ணுங்க. அடுப்புல இருக்கறத மட்டும் உட்ரச் சொல்லுங்க. அதையும் சேத்துக் குளுர வெச்சறாதீங்க சாமி."

பம்ப் சத்தத்தில் நான் தப்பாகக் கேட்டேனோ என்று நினைத்தேன். கேட்டது சரிதான். வீடு முழுக்க எரிகிறது, அதில் அடுப்புக்குள் இருக்கும் நெருப்பை மட்டும் காப்பாற்றித் தரச் சொல்கிறார். நெருப்பை நெருப்பிலிருந்து காப்பாற்ற எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "வீட்டைக் கொளுத்தினதே அந்த அடுப்புதான்க்கா! அதுக்குப் போய் அழறீங்களே!" என்றேன்.

"ஒரு புள்ள ஓடிப்போச்சுன்னா, ஊட்ல இருக்கற மிச்சத்தையும் அடிச்சுத் தொரத்துவீங்களா?" என்று அவர் அழுதுகொண்டே கேட்டார்.

கையைத் திருகிக்கொண்டு ஓடப் பார்த்தார். நல்ல பலம். பம்பை விட்டால் மேலே தண்ணீர் நின்றுவிடும், அவரை விட்டால் உள்ளே போய்விடுவார். அழுகிற குழந்தைக்கு நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி ஒன்றைச் சொன்னேன். "அக்கா, உங்க அடுப்பு நெருப்பு எங்கயும் போகாது. நான் கொண்டுபோய்ப் பத்திரமா வச்சிருந்து, நானே கொண்டாந்து தரேன். இப்ப நகராம நில்லுங்க."

உடனே நின்றுவிட்டார். திருகிக்கொண்டிருந்த கை அப்படியே தளர்ந்தது. என் முகத்தை நன்றாகப் பார்த்து, "நெசமாவா சாமி?" என்றார்.

"நெசமாத்தான்."

அதன் பிறகு அவர் அழவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து வேலை முடியும்வரை காத்திருந்தார். சுவர்கள் தப்பின, ஓடும் சட்டமும் போயின, சமையல்கட்டு கரியும் சேறுமாகிவிட்டது. கிளம்பும்போது எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். யார் வீட்டு மோரோ, புளிப்பாக இருந்தது.

நான் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆனி மாசத்தில் அவர் கொழுந்தனார் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு நிலையத்துக்கு வந்தார். மெலிந்த, கூச்சமான மனிதர். பழத்தை இறக்கி வைத்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வண்டிக்காரருங்க எப்பங்க நெருப்பக் கொண்டாராரு? அண்ணி கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தனார்தான் முழுதும் சொன்னார். அவர் அண்ணி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மாமியார் அடுப்பைக் காட்டி, இதைப் பார்த்துக்கொள் என்று சொன்னாராம். அன்றிலிருந்து ராத்திரி நெருப்புக் கங்குகளைச் சாம்பலில் மூடுவதும் காலையில் ஊதி எழுப்புவதுமாக அது அணைந்ததே இல்லையாம். அண்ணன் செத்துப்போன துக்கத்தில் சமைக்காமல் இருந்த நாட்களில்கூடச் சாம்பலைக் கிளறி ஒரு சுள்ளியை வைத்திருக்கிறார். இப்போது ஊரே சேர்ந்து தகரம் போட்டு வீட்டைச் சரி செய்துவிட்டது. ஆனால் அடுப்பு மட்டும் சும்மா இருக்கிறது. கொண்டுபோனவர் கொண்டுவருவார் என்று அண்ணி சொல்கிறார். அதுவரை சாப்பாடும் படுக்கையும் கொழுந்தனார் வீட்டில்தான்.

"தீப்பெட்டி இருக்கேய்யா" என்றேன்.

"நானும் சொன்னனுங்க. 'அவரு பத்தரமா வெச்சிருக்கறேன்னு சொல்லீருக்கறாரு, அதுக்குள்ள நாம இன்னொண்ணப் பத்த வெச்சா அவுரு மொகத்துல எப்படி முழிக்கறது'ங்கறாங்க."

பிறகு குரலைத் தாழ்த்தி, அண்ணியின் ஒரே மகள் குண்டனி நாட்டில் கட்டிக்கொடுத்தவள், மாசமாக இருக்கிறாள் என்றார். தலைப்பிரசவத்துக்கு ஐப்பசியில் தாய்வீட்டுக்கு வர வேண்டும். கொழுந்தனார் வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் ஏற்கெனவே அவர் பிள்ளைகள். அடுப்பு எரியாத வீட்டில் பிள்ளை பெற்றவளைக் கொண்டுவந்து படுக்க வைக்க மாட்டேன் என்று அண்ணி பிடிவாதமாக இருக்கிறார். இல்லையென்றால் இங்கேயே பெற்றுக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்களாம். மகள் அழுகிறாளாம்.

அவர் போன பிறகு நிலையத்தில் என்னைச் சும்மா விடுவார்களா? அன்றிலிருந்து எனக்கு அடுப்பு டிரைவர் என்று பெயர். சோற்றுக்கு உட்கார்ந்தால், "அண்ணே, நெருப்பை எங்க பத்திரமா வச்சிருக்கீங்க? பீரோவுலயா?" என்பான் ஒருவன். ஐயா மட்டும் கேலி செய்யவில்லை. "போய்க் குடுத்துட்டு வந்துருய்யா" என்றார். ஆனால் போக முடியவில்லை. ஆடிப்பெருக்குக்கு மலையே ஆட்களால் நிரம்பிவிடும், எங்களுக்கு அருவிப் பக்கமும் கோயில் பக்கமும் பாதுகாப்பு வேலை. ஆவணியில் ஒரு நாள் விடுப்பு எடுத்து பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில் நிலையத்திலிருந்து போன். ரோட்டில் மரம் சாய்ந்து லாரி மாட்டிக்கொண்டது, இன்னொரு ஓட்டுநருக்குக் காய்ச்சல். அங்கேயே இறங்கித் திரும்பினேன். அதற்குப் பிறகு என் ஊருக்குப் போவதற்கே விடுப்பு போதவில்லை.

ஐப்பசியில் மாற்றல் உத்தரவு வந்தது. நானே கேட்டு வாங்கியது. வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவள் குரலில் அத்தனை சந்தோஷம். போனை வைத்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் கொழுந்தனார் நிற்கிறார். மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இரண்டு உயிரும் நலம். நாளைக்கு மத்தியானம் அனுப்புகிறார்கள். எங்கே கூட்டிப்போவது என்று தெரியவில்லை. மழையில் குண்டனி நாடு வரை பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதா?

"அண்ணி என்ன சொல்றாங்க?" என்று ஐயா கேட்டார்.

"அவுரு வந்துருவாருன்னுதானுங்க சொல்றாங்க" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

என்னால் தாங்க முடியவில்லை. அந்த அக்கா திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இத்தனை மாசத்தில் ஒரு தரம்கூட அந்தப் பெண் என்மேல் குறை சொல்லவில்லை. நாளைக்கு மறுநாள் நான் மலையை விட்டு இறங்குகிறேன். நாளைக்கு எனக்கு டூட்டி. வண்டியை விட்டு ஓட்டுநர் நகரக் கூடாது.

ஐயா தொந்தியைத் தடவிக்கொண்டார். பிறகு, "அந்த ஊர்ல தீத்தடுப்பு ஒத்திகை நடத்தி ரொம்ப நாளாச்சுல்ல?" என்றார். நாங்கள் புரியாமல் பார்த்தோம். "எரிஞ்ச ஊரு. கண்டிப்பா நடத்தணும். நாளைக்குக் காலைல வண்டியோட போறோம். மேலிடத்துக்கு இப்பவே சொல்லிடறேன்."

"ஐயா, அடுப்பு?" என்றேன்.

"ஒத்திகைன்னா முதல்ல தீ மூட்டணும்ல? மூட்டாம எதைய்யா அணைக்கிறது?"

நியாயம்தான். எங்கள் துறையில் நாங்களே தீ மூட்டுவதற்கு அனுமதி இருக்கும் ஒரே சந்தர்ப்பம் ஒத்திகைதான்.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு அரிக்கேன் விளக்கை இரவல் வாங்கினோம். கரண்ட் போகும்போது கடைக்காரர் மாட்டி வைப்பது. அதற்குத் தீப்பெட்டி கிழிக்கப் போனவனை நான் தடுத்தேன். கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று சொன்னது நிலையத்தை நம்பித்தானே? எங்கள் சமையல் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. ஒரு காகிதத்தைச் சுருட்டி அதில் பற்றவைத்து விளக்கை ஏற்றினேன். யாரும் கேலி செய்யவில்லை.

தீயணைப்பு வண்டி முன்சீட்டில் எரிகிற விளக்கோடு போவதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஐயா முழுச் சீருடையில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சைரன் இல்லை. நான் இத்தனை வருஷமாகக் கேட்டதெல்லாம் 'சீக்கிரம், சீக்கிரம்' என்பதுதான். அன்று பின்னாலிருந்து ஆட்கள், "மெதுவாண்ணே, குழி வருது" என்றார்கள். தொட்டி நிறையத் தண்ணீர், மடியில் ஒரு பொட்டு நெருப்பு, இரண்டையும் குலுங்காமல் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு கவனமாக நான் கர்ப்பிணியைக்கூட ஏற்றிப்போனதில்லை. ஒரு வளைவில் பைக்கில் வந்தவர் எங்கள் வண்டி அவ்வளவு மெதுவாக நகர்வதைப் பார்த்துக் கவலையாகிப் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, நெருப்பு எங்கீங்க?" என்று கத்தினார். ஐயா விளக்கைத் தூக்கிக் காட்டி, "இங்கதான் இருக்குது, நீங்க போங்க" என்றார்.

ரோடு முடிந்த இடத்தில் வண்டிக்கு ஒருவனைக் காவல் வைத்துவிட்டு, விளக்கை நான் வாங்கிக்கொண்டேன். இனி மேடு, வரப்பு. தூறல் ஆரம்பித்திருந்தது, காற்றும் இருந்தது. சின்ன வயதில் எங்கள் கோயிலில் பாஸ்கா திருப்பலியின்போது மெழுகுவத்தியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சுற்றிவந்த பழக்கம் எனக்கு உண்டு. அப்படியே உடம்பை வளைத்து, சட்டையால் மூடி, அடிமேல் அடி வைத்து ஏறினேன். ஊர் முழுவதும் வாசலில் நின்றது. மகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குழந்தையோடு கொழுந்தனார் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த அக்கா தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே காலை வைத்தேன். வாசலில் ஒரு கல், அதன்மேல் பாசி. வழுக்கியது. விழவில்லை, பின்னால் வந்தவன் தோளைப் பிடித்துவிட்டான். ஆனால் விளக்கு ஒரு ஆட்டம் ஆடியது. சுடர் மேலே ஒரு தரம் எழும்பியது, பிறகு இல்லை. திரியிலிருந்து புகை மட்டும் வந்தது.

தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஐயா எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இத்தனை பேர் சேர்ந்து, இத்தனை தூரம் கொண்டுவந்து, வாசற்படியில் போட்டு உடைத்த மாதிரி இருந்தது எனக்கு. 'அணைஞ்சிடுச்சு' என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அந்த வாசலில் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் அம்மா சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

"அக்கா, விளக்கு மலையேறிடுச்சுக்கா."

அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சுடுதே" என்றார். "மலையேறத்தானுங்களே வந்துச்சு? இந்த மலைக்குத்தான ஏறி வந்துச்சு. ஊட்டுக்கு வந்து சேந்துருச்சு சாமி, அதுக்கு எதுக்கு மொகத்த இப்படி வெச்சிருக்கறீங்க? உள்ள வாங்க."

சமையல்கட்டு புதுச் சாணி மெழுகி ஈரவாசமாக இருந்தது. புது மண் அடுப்பில் சுள்ளிகள் அடுக்கித் தயாராக இருந்தன. எத்தனை நாளாக அப்படி அடுக்கி வைத்திருக்கிறாரோ. விளக்கை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த தீப்பெட்டியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். அவரிடம் தீப்பெட்டி இல்லாமல் இல்லை, எப்போதும் இருந்தது. "கொண்டாந்தவுங்களே பத்த வைங்க."

முதல் குச்சி நமத்துப் போயிருந்தது. இரண்டாவதும் உடைந்தது. பின்னாலிருந்து எங்கள் ஆள் ஒருவன், "அண்ணே, தண்ணி திறந்தே பழகின கை" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். மூன்றாவது குச்சி பிடித்தது. சருகில் வைத்தேன், சருகு சுள்ளிக்குக் கொடுத்தது. அக்கா மண்டியிட்டு ஊதினார். இத்தனை வருஷத்தில் ஒரு தீயை இவ்வளவு கிட்டே முகம் காட்டி நான் பார்த்தது அன்றுதான். அது எரிய வேண்டும், எரிய வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எரிந்தது. நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முதலில் பால் பொங்கியது. அடுத்து வெந்நீர் வைத்தார்கள். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுப் படியேறி உள்ளே வந்தாள். யாரோ குலவையிட்டார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தமும் அந்தப் பிஞ்சு வீறிட்டு அழுவதும் கேட்டன. ஐயா வெளியே பலா மரத்தடியில் ஊரைக் கூட்டி ஒத்திகையைத் தொடங்கியிருந்தார். தட்டில் எண்ணெய் எரித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிக் காட்டினார். அவர் சாக்கைக் கையில் எடுத்ததுமே அக்கா ஓடிவந்து சமையல்கட்டுக் கதவைச் சாத்தியதை நான் பார்த்தேன்.

கிளம்பும்போது அரிக்கேன் விளக்கைத் திருப்பிக் கொடுத்தார். அது எரிந்துகொண்டிருந்தது. "எங்கூட்டுப் பக்கம் பாத்தரத்த வெறுசாத் திருப்பிக் குடுக்கறதில்லீங்க" என்றார்.

நாளைக்கு நான் ஊருக்குப் போகிறேன், இனி வர மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். "போனா என்னுங்க. நெருப்பு இங்க இருக்குது, எப்ப வந்தாலும் ஒரு வாய் சோறு இருக்கும். கொழந்தயக் கூட்டிட்டு வாங்க, உங்க கொழந்தயத்தான் சொல்றேன்" என்றார். என் மகளைப் பற்றி அவரிடம் நான் சொன்னதே இல்லை. கொழுந்தனார் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பும்போதும் ஐயா விளக்கை மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தடவை எந்த வளைவிலும் சுடர் ஆடவில்லை, அல்லது நான் அதற்குள் ஓட்டப் பழகிவிட்டேன். நிலையத்துக்கு வந்ததும் சமையல் முறைக்காரன் ஒரு காகிதத்தைச் சுருட்டி, விளக்கில் பற்றவைத்து ஸ்டவ்வை ஏற்றிவிட்டு, விளக்கை ஜன்னலில் வைத்தான். எல்லோருக்கும் டீ போட்டான். டீ கொதித்தது, பொங்கியது, பாத்திரத்தை இறக்கி வைத்தான். ஸ்டவ் நீலமாக எரிந்துகொண்டே இருந்தது. அவன் குமிழ் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டான். அடுத்தவன் அவனைப் பார்த்தான், அவன் என்னைப் பார்த்தான். டீ ஆறிவிடும் என்று பாத்திரத்தைத் திரும்ப ஏற்றினார்கள். அது மறுபடி கொதித்தது.

ஐயா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏய்யா, இத்தனை தீயணைப்பு வீரனுங்க இருக்கற இடத்துல ஒரு ஸ்டவ்வை அணைக்க ஆளில்லையா?" என்று சத்தம் போட்டார். ஆனால் அவரும் உள்ளே வரவில்லை.

கடைசியில் நான்தான் எழுந்து போனேன். ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குமிழை மெதுவாகத் திருப்பினேன்.

"குளிர வச்சுட்டேன் ஐயா" என்றேன்.

டீ கசந்து கறுத்துப் போயிருந்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை.